வீட்டுக்கு ஒரு கை

தூளிக்குள் குழந்தை அயர்ந்து தூங்கிக்கொண்டிருந்தது. ஆனால் அதன் வலது கை மட்டும் துணிக்கு வெளியே நேராக மேலே நின்றது.

பொன்னாயி முதலில் சிரித்தாள். பத்து மாதக் குழந்தை. கனவில் எதையோ எட்டிப் பிடிக்கிறது போலிருக்கிறது என்று நினைத்து, அந்தக் கையை மெல்ல மடக்கி உள்ளே வைத்தாள். வெள்ளிக்கிழமை மத்தியானம். ஓட்டுக்கூரை வெயிலில் காய்ந்து சடசடத்தது. அடுப்பில் கொள்ளு வெந்துகொண்டிருந்தது. எதிர்வீடு, பக்கத்து வீடு, அதற்கு அடுத்த வீடு என்று தெரு முழுக்கத் தறிகள் லொடக்கு லொடக்கென்று ஒன்றையொன்று துரத்திக்கொண்டிருந்தன. பிறந்ததிலிருந்து கேட்கிற சத்தம். காதில் விழுகிறதென்றே அவளுக்குத் தெரியாது. கொள்ளைக் கிளறிவிட்டுத் திரும்பினாள். கை மறுபடியும் மேலே நின்றது.

இந்தத் தடவை அவள் சிரிக்கவில்லை. எட்டிப் பிடிக்கிற கை இப்படி இருக்காது. விரல்கள் தளர்ந்து தொங்கின. மணிக்கட்டு மட்டும் விறைத்து நின்றது. மணிக்கட்டைப் பிடித்து யாரோ தூக்கிவைத்திருக்கிற மாதிரி.

அப்போது ஏரிப் பக்கமிருந்து ஒரு காற்று வந்தது. வாசலில் காயப்போட்ட புடவை படபடத்தது. தெருவிலிருந்த அத்தனை தறிகளும் ஒரே சமயத்தில் நின்றன. ஒன்றுகூட பாக்கியில்லை. ஒரு மூச்சு நேரம், கொள்ளு கொதிக்கிற சத்தம்தான் ஊரிலேயே பெரிய சத்தமாக இருந்தது. காற்று ஓய்ந்தது. குழந்தையின் கை பொத்தென்று தூளிக்குள் விழுந்தது. தறிகள் மறுபடி ஓட ஆரம்பித்தன.

பொன்னாயி கரண்டியைப் பிடித்தபடி அப்படியே நின்றாள்.

ஏரிப்புதூர் எடப்பாடிக்கு மேற்கே மூன்று மைல். இருநூற்று முப்பது வீடு. வீட்டுக்கு வீடு தறி. ஊருக்கு மின்சாரம் வந்து இரண்டு வருஷம்தான் ஆகியிருந்தது. ஆனால் அந்த ஊர்க்காரர்கள் பெருமை பேச மின்சாரம் தேவைப்பட்டதில்லை, பூதம் போதும். ஏழு வருஷத்துக்கு ஒருமுறை அவர்கள் மதகுப் பூதத்தைக் கட்டி எழுப்புவார்கள். மூங்கில், வைக்கோல், பனம்பாய், மேலே துணி. ஏரிக்கரைப் புளியமரத்துக்கு மேலே அதன் தலை தெரியும். ஒவ்வொரு வீடும் தன் தறியில் மிஞ்சிய பாவு நூலைத் திரித்து ஒரு கயிறு கொடுக்க வேண்டும். கயிற்றின் ஒரு முனை பூதத்தின் உடம்பில்; மறு முனையிலிருக்கும் கண்ணி அந்த வீட்டு ஆள் ஒருவரின் வலது மணிக்கட்டில். வீட்டுக்கு ஒரு கை. அத்தனை கையும் சேர்ந்து இழுத்தால் பூதம் உட்காரும், எழுந்து நிற்கும், ஏரியைப் பார்த்துக் கை தூக்கும். பொழுது சாயுமுன் அதை மறுபடி கிடத்திவிட வேண்டும். கிடத்திய பிறகு, கண்ணி போட்டவர் தன் வாயால், "எங்க ஊட்டுக் கை எங்களுக்கு" என்று சொல்லிக் கண்ணியைக் கழற்ற வேண்டும். அதற்கப்புறம்தான் முடிச்சுக்காரர் அந்த வீட்டு முடிச்சை அவிழ்ப்பார். ஏன் அப்படி என்று யாரும் கேட்டதில்லை.

முடிச்சுக்காரர் வேறு யாருமல்ல, பொன்னாயியின் கணவன் செல்லமுத்துதான்.

நேற்று வியாழக்கிழமை பூதம் எழுந்ததைப் பொன்னாயி பார்க்கவில்லை. வீட்டுக்குத் தூரமாகிப் பின்பக்கக் கொட்டகையில் உட்கார்ந்திருந்தாள். தப்புச் சத்தமும், கூட்டம் ஓவென்று கத்தியதும் மட்டும் கேட்டன. இன்று காலைதான் தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டு வீட்டுக்குள் வந்திருந்தாள்.

மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்த செல்லமுத்துவுக்குக் கால் தரையில் பாவவில்லை. "எருமப்பட்டியில இருந்தெல்லாம் வண்டி கட்டிக்கிட்டு வந்துட்டாங்க புள்ள. ஏரிக்கரையில எள்ளு போட்டா கீழ உழுவாது. சேலத்துல இருந்து படம் புடிக்கறவரு வர்ற வழியில காரு நின்னு போச்சு, அவரு வந்து சேர்றதுக்குள்ள பொழுது எறங்கிப் போச்சு. பேப்பருல படம் வராம அதைக் கெடத்தறதா? ஞாயித்துக்கெழமை வரைக்கும் உக்காந்தே இருக்கட்டும்னு சொல்லிப் போட்டோம்."

"கெடத்தலீங்களா?" பொன்னாயி நிமிர்ந்து அவனைப் பார்த்தாள். "அப்பக் கையெல்லாம்?"

"கண்ணியைக் கழட்டிப் போட்டுட்டு ஊட்டுக்குப் போனாங்க. ஞாயித்துக்கெழமை மறுக்கா மாட்டிக்கறது. அந்தச் சொல்லைச் சொன்னா முடிஞ்சுதுன்னு அர்த்தமாயிரும், அதனால யாரையும் சொல்ல உடலே."

குழம்பை ஊற்றப் போன கை பாதியில் நின்றது. அவளுக்கு இப்போதுதான் ஒன்று உறைத்தது. வீட்டில் இருப்பது மூன்று பேர். அவள் கொட்டகையில். முடிச்சுக்காரர் கயிறு பிடிக்கக் கூடாது.

"ஏனுங்க, நம்ம ஊட்டுக் கயிறு யாருங்க புடிச்சா?"

செல்லமுத்து பெருமையாகத் தூளியைப் பார்த்தான். "நீ தூரமா உக்காந்துட்ட. முடிச்சுக்காரன் ஊட்டுக் கயிறு இல்லைன்னா ஊரு காறித் துப்பாதா? நம்ம சௌந்திரத்துக் கையில சின்னதா ஒரு கண்ணி போட்டேன். பக்கத்தூட்டு அன்னாள்தான் மடியில வெச்சுக்கிட்டா. நம்ம கயித்தைப் பூதத்தோட சுண்டுவெரல்ல கட்டியிருந்தேன். பூதம் கையத் தூக்குனப்ப உம்பட புள்ள சிரிச்சா பாரு ஒரு சிரிப்பு! ஊரே அவளைத்தான் பாத்துச்சு."

அட பாவி மனுஷா! பேச்சு வராத குழந்தை. பொன்னாயி கரண்டியைக் கீழே வைத்தாள். "அவ எப்புடீங்க அந்தச் சொல்லைச் சொல்லுவா?"

செல்லமுத்து வாயில் வைத்த கவளத்தை மென்றுகொண்டே இருந்தான். விழுங்கவில்லை. பிறகு, "நாமதான் சொல்லிக்கலாம், உடு" என்றான்.

சாயங்காலம் அன்னாள் வந்தாள். அவள் கணவர் சவரியார் தையற்காரர். பூதத்துக்குச் சட்டை தைத்தவர் அவர்தான். சர்ச்சு வேறு, கோயில் வேறு, ஆனால் பூதம் ஊருக்குப் பொது. அவரும் கயிறு பிடித்திருந்தார். அன்னாள் உட்காராமல் நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"எங்க ஊட்டுக்காரரு காலையில இருந்து ஒரு துணி வெட்ட மாட்டீங்கறாரு பொன்னாயி. வெட்டிக்கிட்டே இருக்கறப்ப கத்தரிக்கோலோட கை மேல போயிருது. நரம்புச் சுளுக்காட்டம் இருக்குதுன்னு எண்ணெய் தேச்சு உட்டேன்." அவள் குரலைத் தாழ்த்தினாள். "உங்கூட்டுல ஒண்ணுமில்லையே?"

"இல்லீங்க அக்கா" என்றாள் பொன்னாயி. ஏன் பொய் சொன்னாள் என்று அவளுக்கே தெரியவில்லை. ஊரில் அன்று எல்லா வீட்டிலும் அதே பொய்தான் ஓடிக்கொண்டிருந்தது. ஏழு வருஷத்துக்கு ஒருமுறை வருகிற பெருமை; அதன்மேல் முதலில் மண்ணள்ளிப் போட யாருக்கும் மனசில்லை.

சனிக்கிழமை உச்சி வெயிலில், செல்லமுத்து எடப்பாடிக்குப் போயிருந்த நேரம் பார்த்து, பொன்னாயி குழந்தையை இடுப்பில் தூக்கிக்கொண்டு ஏரிக்கரைக்குப் போனாள். வழியில் ஆள் நடமாட்டமே இல்லை. ஏரியில் பாதித் தண்ணீர், கொக்குகூட உட்காரவில்லை. பூதம் அவளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, ஏரியைப் பார்த்து, கால் நீட்டி உட்கார்ந்திருந்தது. சவரியார் தைத்த சட்டை வெயிலில் சாயம் வெளுக்கத் தொடங்கியிருந்தது. புது வைக்கோல் வாசனை வர வேண்டிய இடத்தில் மதகுச் சேற்றின் வாடை வந்தது, வெகுநாள் திறக்காத மதகைத் திறந்தால் வருமே, அந்தக் குளிர்ந்த வாடை.

கயிறுகளைப் பார்த்ததும் அவள் நடை தானாக நின்றது.

கழற்றிப் போட்ட கயிறு எப்படிக் கிடக்கும்? சிக்கும் சுருளுமாகக் கிடக்கும். இவை அப்படியில்லை. இருநூற்று முப்பது கயிறும் வளைவில்லாமல், ஒன்றின்மேல் ஒன்று ஏறாமல், தறியில் இழுத்துக் கட்டிய பாவு போல ஊரைப் பார்த்து நீண்டு கிடந்தன.

தன் வீட்டுக் கயிற்றைக் கண்டுபிடிக்க அவளுக்கு நேரமாகவில்லை. சிவப்பும் வெள்ளையுமாக அவளே திரித்தது. அதன் நுனியில் வளையல் அளவுக்கு ஒரு கண்ணி. குனிந்து எடுத்தாள். அது வெதுவெதுப்பாக இருந்தது. வெயில்தான், வெயில்தான் என்று சொல்லிக்கொண்டு கயிற்றைப் பிடித்தபடியே முன்னால் போனாள். பூதத்தின் வலது கை தரையில் ஊன்றியிருந்தது. உலக்கை கனத்தில் சுண்டுவிரல். அதில் செல்லமுத்து போட்ட முடிச்சு. ஒரு கையால் அதை நெம்பிப் பார்த்தாள். அசையவில்லை. கயிற்றை வெடுக்கென்று ஒரு இழுப்பு இழுத்தாள்.

இடுப்பிலிருந்த குழந்தையின் வலது கை வெடுக்கென்று மேலே போனது.

விட்டாள். கை இறங்கியது.

இழுத்தாள். ஏறியது.

கயிறு அவள் விரலிலிருந்து நழுவி விழுந்தது. குழந்தைக்கு எதுவும் வலித்ததாகத் தெரியவில்லை; அது அம்மாவின் மூக்குத்தியைப் பார்த்துக்கொண்டிருந்தது. எப்போதும் செய்கிற மாதிரி, அதைப் பிடிக்கத் தானாகவே கையைத் தூக்கியது. பொன்னாயி கயிற்றைத் தொடவில்லை. யாரும் தொடவில்லை.

அவளுக்குப் பக்கத்தில் வைக்கோல் சரசரத்தது.

திரும்பினாள். தரையில் ஊன்றியிருந்த அந்தச் சுண்டுவிரல், ஒரு முழ உயரத்துக்குத் தூக்கிக்கொண்டு நின்றது. குழந்தை மூக்குத்தியை விட்டது. விரல் மெல்லத் தரையில் இறங்கியது.

எப்படி ஓடினாள், எந்த வழியாக வந்தாள் என்று அவளுக்கு நினைவில்லை. வீட்டுக்குள் வந்து தாழ் போட்ட பிறகுதான் காலில் செருப்பு இல்லாததே தெரிந்தது.

அன்று இருட்டுமுன் செல்லமுத்து வந்தான். அவள் சொல்லச் சொல்ல, மறுத்துப் பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தான். அவன் மறுத்திருந்தால்கூட அவளுக்குக் கொஞ்சம் தெம்பாக இருந்திருக்கும்.

"இன்னிக்கு மட்டும் நாப்பது பேரு எங்கிட்ட தனித்தனியா வந்தாங்க" என்றான். "ஒருத்தனுக்குத் தெரியாம ஒருத்தன். எங்கூட்டு முடிச்சை மட்டும் அவுத்து உட்ருங்கன்னு. நாளைக்கு விடியால எல்லாருத்தையும் கூப்புட்டுச் சொல்லைச் சொல்ல வெச்சு அவுத்துப் போடறேன். மூணு மணிக்கு ஆளுங்க வந்ததும் புதுசா கட்டிக்கலாம்."

"நம்ம ஊட்டு முடிச்சு?"

"அதையுந்தான்" என்றான். ஆனால் அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை விடியலில் ஏரிக்கரைப் பக்கமிருந்து அந்தச் சொல் திரும்பத் திரும்பக் கேட்டது. ஆண் குரல், பெண் குரல், இருமலோடு ஒரு கிழக் குரல். எங்க ஊட்டுக் கை எங்களுக்கு. எங்க ஊட்டுக் கை எங்களுக்கு. திரும்பி வந்தவர்கள் தெருவில் சத்தம் போட்டுச் சிரித்தார்கள். அன்னாள் ஓடி வந்து, "அவரு கை சரியாப் போச்சு பொன்னாயி, மாதாவுக்குப் புண்ணியம்!" என்று சொல்லிவிட்டுப் போனாள். பொன்னாயி வாசற்படியிலேயே காத்திருந்தாள்.

பத்து மணிக்குச் செல்லமுத்து வந்தான். கையில் அரிவாள். முகத்தில் ரத்தமே இல்லை.

"நம்முளுது மட்டும் அவுரல. நாஞ்சொல்லிப் பாத்தேன், உம்பட பேருலயும் சொல்லிப் பாத்தேன். அறுத்தரலாம்னு அருவாளை வெச்சேன்..."

"எப்போ வெச்சீங்க?"

"இப்பத்தான். பத்து நிமிசம் இருக்கும்."

பொன்னாயி குழந்தையின் கையைத் திருப்பிக் காட்டினாள். பத்து நிமிஷத்துக்கு முன்னால்தான் அது வீறிட்டுக் கத்தியிருந்தது. மணிக்கட்டைச் சுற்றி, நூல் கட்டின மாதிரி, மெல்லிய சிவப்புக் கோடு.

அரிவாள் தரையில் விழுந்தது.

அதற்கப்புறம் நேரம் ஓடின ஓட்டம் தெரியவில்லை. பன்னிரண்டு மணிக்கே ஊர் நிரம்பிவிட்டது. மாட்டு வண்டிகளின் சலங்கை, பஸ்ஸுகளின் ஹாரன், பொரிகடலைக்காரன் குரல், ஆரஞ்சு மிட்டாய்க்கு அழுகிற பிள்ளைகள். சங்ககிரி, ஓமலூர், நாமக்கல், பெயர் தெரியாத ஊர்களெல்லாம் அவள் வாசலைத் தாண்டி ஏரிக்குப் போய்க்கொண்டிருந்தன. செல்லமுத்து ஆசைப்பட்டபடியே ரோடெல்லாம் தலையாக இருந்தது. மூன்று மணிக்கு ஆட்கள் வந்து அவனைக் கூப்பிட்டார்கள்.

"போகாதீங்க" என்று அவன் வேட்டியைப் பிடித்தாள்.

"நா போயி அதைக் கெடத்திட்டு வாரேன். ஆட்டமும் வேண்டாம், படமும் வேண்டாம். அது படுத்துட்டா எல்லாஞ் சரியாப் போயிரும். நீ கதவைச் சாத்திக்க. அவளைச் சொல்ல வெச்சுப் பாரு பொன்னாயி. எப்புடியாச்சும் சொல்ல வையி."

கதவைத் தாழிட்டாள். ஜன்னலைச் சாத்தினாள். குழந்தையைப் பாயில் உட்காரவைத்து எதிரில் மண்டி போட்டாள்.

"சாமி, அம்மாளைப் பாரு. சொல்லு. எங்க..."

குழந்தை அவள் வாயைப் பார்த்தது.

"எங்க..."

"ங்கா" என்றது.

பொன்னாயிக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. "ஆமா சாமி, ஆமா எந்தங்கம்! ஊட்டு... சொல்லு, ஊட்டு..."

"ட்டு."

வெளியே தப்பு அடிக்க ஆரம்பித்தார்கள்.

"கை. கை சொல்லு கண்ணு. கை."

"க்கை." குழந்தைக்கு இது விளையாட்டாகிவிட்டது. கெக்கலி கொட்டியது. எச்சில் மோவாயில் வழிந்தது.

இன்னும் ஒரே ஒரு சொல். பொன்னாயி அதன் இரண்டு கன்னத்தையும் பிடித்துக்கொண்டாள். "எங்களுக்கு. எங்க-ளுக்கு. சொல்லு சாமி. எஞ்சாமியில்ல. சொல்லு."

குழந்தை வாயைத் திறந்தது. கொட்டாவி விட்டது. கண்ணைக் கசக்கியது. அதற்குச் சலித்துவிட்டது. சலித்துப்போன குழந்தைகள் செய்கிற மாதிரி இரண்டு கையையும் மேலே நீட்டியது. என்னைத் தூக்கு.

தப்புச் சத்தம் அறுந்தது.

ஏரிக்கரையில் பல்லாயிரம் பேர் ஒரே மூச்சாக 'ஹா' என்றார்கள். ஒரு கணம் எதுவுமில்லை. பிறகு கைதட்டல். விசில். "கயிறு இல்லாமயே எந்திரிக்குதுடா!" என்று யாரோ ஒருவன் தொண்டை கிழியக் கத்தினான். "நம்மூரு பூதண்டா!" ஆயிரம் வாய்கள் அதையே பிடித்துக்கொண்டன.

அந்தச் சத்தத்துக்குள் ஒரே ஒரு குரல் மட்டும் வேறு மாதிரி இருந்தது. செல்லமுத்துவின் குரல். பொன்னாயி, பொன்னாயி என்று. அது கிட்டே வரவில்லை.

அவள் குழந்தையின் கைகளைப் பிடித்துக் கீழே அழுத்தினாள். குழந்தை சிணுங்கியது, முறுக்கியது, மறுபடி நீட்டியது. அழுத்தினாள். நீட்டியது. பத்து மாதப் பிள்ளைக்கு அவ்வளவு பலம் ஏது? அதற்கு வேண்டியது தூக்குவதுதானே, நான்தான் தூக்குகிறேனே என்று வாரி எடுத்து மார்போடு இறுக்கிக்கொண்டாள்.

தூக்கிய பிறகும் குழந்தை கையை இறக்கவில்லை.

அது அவளைப் பார்க்கவில்லை. அவள் தலைக்கு மேலே பார்த்தது. கைகள் அவள் தோளைத் தாண்டி இன்னும் உயரமாக நீண்டன.

தரை அதிர்ந்தது. பானைகள் ஒன்றோடொன்று முட்டின. தறியில் ஏற்றியிருந்த பாவு நூல்கள் ரீங்கென்று நடுங்கின. மறுபடி ஒரு அதிர்வு. இன்னும் கிட்டே.

சேற்று வாடை.

வீடு இருட்டியது. ஓட்டுச் சந்துகளில் தெரிந்த வெயில் ஒவ்வொன்றாக அணைந்தது.

ஒரு ஓடு நகர்ந்தது. அடுத்தது. அப்புறம் ஒரு வரிசையே சத்தமில்லாமல் தூக்கிக்கொண்டது. உடையவில்லை. தூங்குகிற பிள்ளையின் மேலிருந்து போர்வையை விலக்குகிற மாதிரி, அவ்வளவு பதமாக. மேலே வானம் இருக்க வேண்டிய இடத்தில் பனம்பாயும் வைக்கோலும் இருந்தன. அதிலிருந்து ஈரம் சொட்டியது. பொன்னாயி குழந்தையை இன்னும் இறுக்கிக்கொண்டாள்.

கூரைத் திறப்பின் வழியாக ஐந்து விரல்கள் மெதுவாக இறங்கின. சுண்டுவிரலில் சிவப்பும் வெள்ளையுமாக அவள் திரித்த கயிறு.

குழந்தை சிரித்தது. இரண்டு கையையும் அகல விரித்து, இன்னும் கொஞ்சம் எக்கிக் கொடுத்தது.

வெளியே ஊர் இன்னும் கைதட்டிக்கொண்டிருந்தது.